ஸ்கூபா டைவிங் போறீங்களா? முதுகில் மாட்டும் சிலிண்டரை யார், எப்போது சோதித்தார்கள்?

அந்தமான் டூர் போய்விட்டு வந்த யாரைக் கேட்டாலும் போனில் ஒரு வீடியோ இருக்கும். நீலத் தண்ணீர், வாயில் ரெகுலேட்டர், கையில் 'ஓகே' சைகை, பின்னாடி கலர் கலராக மீன்கள். புதுச்சேரி, கோவா, கர்நாடகாவில் முருடேஸ்வரை ஒட்டியுள்ள நேத்ராணி தீவு, இலங்கையின் திருகோணமலை என்று இப்போது பல இடங்களில் இதே வீடியோ எடுக்கலாம். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கூடவே இருந்து கொஞ்ச ஆழத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

டைவுக்கு முன்னால் ஒரு படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா இருக்கா, இதய நோய் இருக்கா, காதில் ஆபரேஷன் நடந்திருக்கா என்று உங்களைப் பற்றி வரிசையாகக் கேள்விகள் இருக்கும். கீழே கையெழுத்து போடுவீர்கள். ஆனால் உங்கள் முதுகில் ஏறப்போகும் சிலிண்டரைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. அது எப்போது சோதிக்கப்பட்டது? உள்ளே இருக்கும் காற்று எங்கிருந்து வந்தது?

கடலுக்கு அடியில் எல்லாம் சரியாக நடக்குமா என்பதில் பாதி, கரையில் ஒரு சின்ன ஷெட்டுக்குள் கம்ப்ரஸர் ஓடும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அங்கே என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

முதலில், அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை

செய்திகளில், சினிமா வசனத்தில், வாட்ஸ்அப் ஃபார்வேர்டில் எங்கும் 'ஆக்சிஜன் சிலிண்டருடன் கடலுக்குள் குதித்தார்' என்றே வருகிறது. தவறு. சாதாரண ஸ்கூபா டேங்கில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்றுதான். சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், 78 சதவீதம் நைட்ரஜன். அதை அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சுத்தமான ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் அந்த ஆக்சிஜனே நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை வரவழைக்கலாம். கடலுக்கடியில் வலிப்பு வந்தால் வாயில் இருக்கும் ரெகுலேட்டர் நழுவும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக்சிஜன் அளவைக் கொஞ்சம் கூட்டிய 'நைட்ராக்ஸ்' கலவை தனி ரகம். அதற்குத் தனிப் பயிற்சி, தனி ஸ்டிக்கர் உண்டு. டைவ் போகும் நபரே டேங்கில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது என்று அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அதன் நடைமுறை.

200 பார் என்றால் எவ்வளவு?

உலகம் முழுக்க டைவ் ஷாப்களில் அதிகம் புழங்குவது 'அலுமினியம் 80' என்ற டேங்க். உள்ளே 11 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது அரை வாளி. அந்த இடத்துக்குள் 2,200 லிட்டர் காற்றை அமுக்கி அடைக்கிறார்கள். அழுத்தம் சுமார் 200 பார், பிஎஸ்ஐ கணக்கில் 3,000.

ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். கார் டயரில் நாம் அடிப்பது 2 பாரைவிடக் கொஞ்சம் அதிகம். பஸ், லாரி டயரில் 8 பார் அளவுக்கு இருக்கும். அடுப்படியில் இருக்கும் சமையல் கேஸ் சிலிண்டரில்கூட வழக்கமாக 10 பாருக்குக் கீழ்தான். அந்த கேஸ் சிலிண்டருக்கு நாம் எவ்வளவு பயப்படுகிறோம்! ஸ்கூபா டேங்கில் இருப்பதோ அதைவிட 20 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம்.

'காற்றுதானே, தீப்பிடிக்காதே' என்று தோன்றலாம். 2022 அக்டோபரில் திருச்சி கடைவீதிப் பகுதியில் பலூனுக்கு ஹீலியம் நிரப்பும் சிலிண்டர் வெடித்ததில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். ஹீலியம் எரியவே எரியாத வாயு. அங்கே உயிரைப் பறித்தது நெருப்பு இல்லை, அழுத்தம். நிரம்பிய ஒரு அலுமினியம் 80 டேங்கில் அடைபட்டிருக்கும் ஆற்றலைக் குறைத்துக் கணக்குப் போட்டால்கூட, ஒரு டன் எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவதற்குக் குறையாது.

டேங்க் வெடிக்கும் அபாயம் அதிகம் இருப்பது அது நிரப்பப்படும் நேரத்தில். அழுத்தமும் சூடும் ஏறுவது அப்போதுதான். கடலுக்குள் இருக்கும்போது உள்ளே அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் வெடிக்கும் ஆபத்து டூரிஸ்ட்டைவிட, தினமும் காலையில் வரிசையாக டேங்க் நிரப்பும் ஊழியருக்குத்தான். அவர் பெயர் எந்த வீடியோவிலும் வராது. அவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

நல்ல டேங்க் ஏன் கெட்டுப்போகிறது?

உப்புத் தண்ணீர்தான் முதல் வில்லன். டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு வால்வைத் திறந்தே வைத்தால் உள்ளே ஈரம் போகும். ஸ்டீல் டேங்க் என்றால் துரு, அலுமினியம் என்றால் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து குழி விழும். வெளியில் ரப்பர் பூட் மாட்டிய அடிப்பாகத்தில் உப்பு தேங்கி அரிப்பது தனிக் கதை. கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, சூடு. அலுமினியம் டேங்குக்கு வலிமை கிடைப்பதே தொழிற்சாலையில் கொடுக்கும் வெப்பப் பதத்தால். தீ விபத்தில் சிக்கிய டேங்க், பளபளவென்று இருக்கட்டும் என்று சூடாக்கிப் பெயின்ட் ஏற்றிய டேங்க் ஆகியவை அந்தப் பதத்தை இழந்திருக்கும். பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். ஆனால் கழித்துக் கட்டப்பட வேண்டியவை.

மூன்றாவது, உலோகத்திலேயே இருக்கும் குறை. அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1972 முதல் 1988 வரை '6351' என்ற அலுமினியக் கலவையில் டேங்குகள் தயாரித்தது. வருடக்கணக்கில் அழுத்தத்திலேயே இருக்கும்போது இந்தக் கலவையில் கழுத்துப் பகுதியிலும் தோள் பகுதியிலும் மெல்லிய விரிசல் ஓடலாம் என்பது பிறகு தெரியவந்தது. சில டேங்குகள் நிரப்பும்போதே வெடித்து ஊழியர்கள் படுகாயம் அடைந்தனர். நிறுவனம் '6061' கலவைக்கு மாறியது. பழைய கலவை டேங்குகளை மறுசோதனை செய்யும்போது, கழுத்து மரைகளை 'எடி கரன்ட்' என்ற மின் சோதனையாலும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2007 முதல் கட்டாயமாக்கியது.

ஸ்கூபா டேங்க் லேசில் தேயாது. 30, 35 வருடம் கழித்தும் கைமாறிக்கொண்டே இருக்கும். எனவே 1990-க்கு முன் தயாரான அலுமினியம் டேங்க் கண்ணில் பட்டால், அது எந்தக் கலவை என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. நிரப்ப மறுக்கும் ஷாப்களும் வெளிநாடுகளில் உண்டு. சொந்த டேங்க் வைத்திருப்பவர்களுக்கு அது கோபத்தைக் கிளப்பும் விஷயம். ஆனால் பக்கத்தில் நிற்கப்போவது அந்த ஊழியர் என்பதால், மறுக்கும் உரிமையும் அவருக்கே என்பதுதான் சரி.

நான்காவது ரொம்பச் சின்ன விஷயம். வால்வின் மரை. உலகில் இரண்டு அளவு வால்வு மரைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று 25 மில்லிமீட்டர் மெட்ரிக், இன்னொன்று முக்கால் இஞ்ச். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். மெட்ரிக் வால்வை முக்கால் இஞ்ச் டேங்கில் திருகினால் கொஞ்சம் லூசாக உட்கார்ந்துகொள்ளும். பிடித்துவிட்டது போலவே இருக்கும். காற்று ஏற ஏற, ஒரு கட்டத்தில் வால்வு தோட்டா மாதிரி கிளம்பும். இதனால் ஐரோப்பாவில் உயிரிழப்புகளே நடந்து, பாதுகாப்பு அமைப்புகள் எச்சரிக்கை வெளியிட்டிருக்கின்றன. பழைய டேங்கில் புது வால்வு மாற்றும்போது டேங்கிலும் வால்விலும் பொறித்திருக்கும் மரை அளவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சோதனை எப்படி நடக்கும்?

இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணால் பார்ப்பது. வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கு விட்டு, சின்னக் கண்ணாடி வைத்து துரு, குழி, விரிசல் இருக்கிறதா என்று தேடுவார்கள். மரையை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். டைவ் தொழிலில் இது வருடத்துக்கு ஒருமுறை என்பது பரவலான வழக்கம். பார்த்து முடித்ததும் மாதம், வருடம் குறித்த ஸ்டிக்கர் ஒட்டப்படும்.

இன்னொன்று ஹைட்ரோ டெஸ்ட். டேங்கைத் தண்ணீரால் நிரப்பி, இன்னொரு தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றுவார்கள். அமெரிக்க விதிப்படி அது வேலை அழுத்தத்தில் மூன்றில் ஐந்து பங்கு. அதாவது 207 பார் டேங்குக்கு 345 பார். அப்போது டேங்க் லேசாக உப்பும். அழுத்தத்தை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். உப்பியதில் 10 சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் அப்படியே நின்றுவிட்டால் டேங்க் ஃபெயில்.

தண்ணீர் எதற்கு? தண்ணீரை அமுக்க முடியாது. அதனால் டேங்க் உடைந்தாலும் தண்ணீர் சிந்தும், அவ்வளவுதான். அதே சோதனையைக் காற்றை வைத்துச் செய்தால் சோதனைக் கூடமே மிஞ்சாது.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 5 வருடம். பிரிட்டனில் ஹைட்ரோ 5 வருடத்துக்கு ஒருமுறை, நடுவில் இரண்டரை வருடத்தில் உள்பக்கப் பரிசோதனை. ஆஸ்திரேலியாவில் வருடா வருடம் முழுச் சோதனை.

இந்தியாவில்? 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த 'வாயு சிலிண்டர் விதிகள், 2016' இதற்குப் பொருந்தும். கொள்ளளவு 500 மில்லிலிட்டருக்கு மேல், 1,000 லிட்டர் வரை உள்ள சிலிண்டர்கள் அதன் வரம்பில் வருகின்றன. 11 லிட்டர் ஸ்கூபா டேங்கும் அதில் அடக்கம். பார்த்துக்கொள்ளும் அமைப்பு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ. சிவகாசி பட்டாசு ஆலைச் செய்திகளில் அடிக்கடி அடிபடுமே, அதே பெசோதான். அங்கீகரிக்கப்பட்ட சிலிண்டராக இருக்க வேண்டும், மறுசோதனைக் காலம் தாண்டிய சிலிண்டரை நிரப்பக் கூடாது, நிரப்பும் இடத்துக்கு உரிமம் வேண்டும் என்பதெல்லாம் இந்த விதிகளின் அடிப்படை. பட்டாசு ஆலையை யோசித்து எழுதிய சட்டம் கடற்கரை ஷெட்டுக்கும் பொருந்துகிறது என்பது சுற்றுலா வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நிரப்பும் அறையில் அவசரம்

காலை 7 மணிக்கு முதல் படகு. 30 டேங்க் வேண்டும். ஒரு டேங்கை 50 பாரிலிருந்து 200 பாருக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 20 முதல் 40 பார் வரை மெதுவாக ஏற்றுவதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வேகம். அப்படியென்றால் ஒரு டேங்குக்கு 4 முதல் 7 நிமிடத்துக்கு மேல் ஆகும். நாலு டேங்க் சேர்த்து மாட்டினாலும் நேரம் பிடிக்கும். இங்கேதான் அவசரம் நுழைகிறது.

வேகமாக அடித்தால் டேங்க் சூடாகும். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். 60 டிகிரி சூட்டில் 207 பார் காட்டும் டேங்க், 27 டிகிரிக்கு ஆறியதும் 186 பாருக்கு இறங்கிவிடும். டூரிஸ்ட் கையில் குறைவான காற்று. இதைச் சரிக்கட்ட, முதலிலேயே 230 வரை ஏற்றிவிடுவது சில இடங்களில் பழக்கம். அது டேங்கின் வேலை அழுத்தத்தையே தாண்டுகிறது. தினமும் இப்படி நடந்தால் உலோகம் தளர்ந்துபோகும் நாள் சீக்கிரம் வரும். சரியான வழி போரடிக்கும் வழிதான்: மெதுவாக ஏற்று, ஆறவிடு, கொஞ்சம் சேர்த்து நிரப்பு.

நல்ல ஊழியர் டேங்கை மாட்டுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுவார். சோதனைத் தேதியைப் பார்ப்பார். வேலை அழுத்தம் எவ்வளவு என்று படிப்பார். எல்லா டேங்கும் 207 பார் இல்லை, 232-ம் உண்டு, 300-ம் உண்டு. உள்ளே மிச்சக் காற்று இருக்கிறதா என்று வால்வைத் திறந்து கேட்பார். சுத்தமாகக் காலியாக வந்த டேங்கை அப்படியே நிரப்ப மாட்டார், உள்ளே தண்ணீர் போயிருக்கலாம் என்று ஒதுக்கி வைப்பார். வால்வு வாயில் நிற்கும் சொட்டுத் தண்ணீரையும் 'புஸ்' என்று ஒருமுறை ஊதி வெளியேற்றுவார். அந்தச் சொட்டு 200 பாரில் நேராக டேங்குக்குள் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை வெளியேற்றுவார். மறந்தால் அது சாட்டை மாதிரி சுழன்று முகத்தில் அடிக்கும். நிரப்பும்போது டேங்குகளைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிக்க யாரையும் விட மாட்டார்.

வாசனையே இல்லாத விஷம்

டேங்க் வெடிப்பது அரிது. டூரிஸ்ட் உண்மையில் கவலைப்பட வேண்டியது உள்ளே இருக்கும் காற்றைப் பற்றி.

கம்ப்ரஸர் வெளிக் காற்றை இழுத்துத்தான் அடைக்கிறது. இழுக்கும் குழாய் எங்கே இருக்கிறது? பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறதா? டீசல் படகு ஸ்டார்ட்டில் நிற்கிறதா? காற்றடிக்கும் திசை மாறினால் அந்தப் புகை குழாய்க்குள் போகும். புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

வெளியே புகையே இல்லாவிட்டாலும் கம்ப்ரஸர் தானே இந்த வாயுவை உண்டாக்கலாம். அதன் உள்ளே ஓடும் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் கருகிச் சிதையும். சரியான எண்ணெய் போடாமல், குளிர்விக்கக் காற்றோட்டமே இல்லாத தகர ஷெட்டில் மதியம் முழுக்க ஓட்டினால் இது நடக்கலாம்.

ஆழம் இதைப் பெருக்குகிறது. 30 மீட்டர் ஆழத்தில் சுற்றியுள்ள அழுத்தம் 4 மடங்கு. அதனால் டேங்கில் 10 பிபிஎம் இருந்தால் உடலுக்கு அது கரையில் 40 பிபிஎம் சுவாசிப்பதற்குச் சமம். இன்னொரு வஞ்சகமும் உண்டு. ஆழத்தில் ஆக்சிஜனின் அழுத்தமும் கூடுதலாக இருப்பதால் அறிகுறிகள் கொஞ்சம் மறைந்திருக்கும். மேலே ஏறும்போது அந்தக் கூடுதல் குறைய, மயக்கம் வரும். ஐரோப்பியத் தரமான இஎன் 12021, சுவாசக் காற்றில் கார்பன் மோனாக்சைடு 5 பிபிஎம்-மைத் தாண்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அமெரிக்க 'கிரேடு இ' தரத்தில் அது 10.

தடுப்பது ஃபில்டர். ஈரத்தை உறிஞ்ச ஒரு அடுக்கு, எண்ணெய் ஆவியைப் பிடிக்கக் கரி, கார்பன் மோனாக்சைடை மாற்ற ஹாப்கலைட் என்ற வினையூக்கி. எல்லா ஃபில்டரிலும் ஹாப்கலைட் இருப்பதில்லை. இருந்தாலும் ஈரம் பட்டால் அது வேலை செய்யாது. நம் ஊர்க் கடற்கரையில் இது பெரிய பிரச்னை. 30 டிகிரி காற்று, 20 டிகிரி காற்றைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். குளிர்நாட்டுக் கணக்கில் 'இத்தனை மணி நேரம் தாங்கும்' என்று கையேட்டில் போட்டிருக்கும் ஃபில்டர் இங்கே அதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஓடிய மணி நேரத்தை எழுதி வைக்கும் நோட்டு இல்லாத ஷாப்பில் ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல ஆளிருக்காது.

ஸ்டீல் டேங்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. துருப்பிடிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். உள்ளே கொஞ்சம் உப்புத் தண்ணீருடன் மாதக்கணக்கில் மூலையில் கிடந்த டேங்கில், அந்தத் துருவே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். கேஜ் அழுத்தம் காட்டும். சுவாசிக்க எதுவும் இருக்காது.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

கேஸ் சிலிண்டர் வந்ததும் 'ஏ-27', 'பி-27' என்று காலாண்டுக் குறியீடு பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதே பழக்கம் இங்கேயும் போதும். டேங்கின் தோள் பகுதியில் உலோகத்தில் அடித்த எழுத்துகள் இருக்கும். அதில் மாதமும் வருடமும் கொண்டவை சோதனைத் தேதிகள். கடைசித் தேதி எது என்று பாருங்கள். பெயின்ட்டில் மூழ்கி எதுவுமே படிக்க முடியவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

கம்ப்ரஸர் எங்கே இருக்கு, காற்றை எப்போ டெஸ்ட் பண்ணீங்க என்று கேளுங்கள். நல்ல ஷாப்பில் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுவார்கள், சில இடங்களில் சுவரிலேயே ஒட்டியிருக்கும். 'அதெல்லாம் பார்த்துக்குவோம் சார்' என்று சிரித்து மழுப்பினால் முன்பணத்தைப் பற்றி யோசிக்காமல் கிளம்பலாம் என்பது என் கருத்து.

மாட்டும் முன் வால்வைக் கொஞ்சம் திறந்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை, புகை வாடை, பழைய ரப்பர் வாடை வந்தால் அந்த டேங்க் வேண்டாம். வாடை இல்லை என்பதால் கார்பன் மோனாக்சைடு இல்லை என்று அர்த்தம் கிடையாது. ஆனால் கெட்ட ஃபில்டர் பெரும்பாலும் எண்ணெயையும் சேர்த்தே விடும். பிறகு ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு இழுத்துக்கொண்டே கேஜைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே போய் மேலே வந்தால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை.

டைவ் முடிந்ததும் காற்றை முழுக்கத் தீர்க்காமல் 50 பார் மிச்சம் வைத்து மேலே வரச் சொல்வது உங்கள் பாதுகாப்புக்கு. அந்த மிச்சக் காற்று டேங்குக்குள் கடல்நீர் ஏறாமலும் பார்த்துக்கொள்கிறது.

மேலே வந்த பிறகு தலைவலி, குமட்டல், குழப்பம் இருந்தால் 'கடல் ஒத்துக்கலை' என்று படுத்துவிட வேண்டாம். கூட வந்தவர்களுக்கும் அதே தொல்லை இருக்கிறதா என்று கேளுங்கள். சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ரத்தம் என்றே கணக்கில் எடுக்கும். கார்பாக்சிஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அந்த டேங்கின் வால்வை மூடி, யாரும் காலி செய்யவோ மறுபடி நிரப்பவோ விடாமல் தனியாக எடுத்து வையுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று பிறகு சொல்வதற்கு மிஞ்சியிருப்பது அந்தக் காற்று மட்டும்தான்.